641 ஓட்டும் இரண்டு வருசமும்

(வாக்குரிமை குறித்த மாணவர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஓட்டுரிமை பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஓட்டுரிமை என்றதும் எந்தச் சட்டம், எந்த வருசம், யார் வாங்கிக் கொடுத்தது என்றுதான் பேச்சு போகும். அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் உரிமையை எழுதிக் கொடுத்த பிறகு அது என்ன ஆகிறது? கட்சி ஆபீசில் என்ன ஆகிறது, ஓட்டுச்சாவடி வாசலில் என்ன ஆகிறது, எண்ணுகிற மேசையில் என்ன ஆகிறது? இதைப் பார்க்க ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 1888இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நான்காவது தொகுதியில் நடந்த தேர்தல். கறுப்பின வேட்பாளர் பெயர் ஜான் மெர்சர் லாங்ஸ்டன். 641 ஓட்டில் தோற்றார் என்று அறிவித்தார்கள்.

எதுக்குங்க அமெரிக்கா வரைக்கும் போகணும்னு கேக்கலாம். நம் முன்னோடிகள் அந்த வரலாற்றைக் கவனித்துப் படித்தவர்கள். ஜோதிராவ் புலே 1873இல் தன்னுடைய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். புலே அந்தக் காணிக்கையை எழுதிய வருசத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கறுப்பர்கள் உறுப்பினர்களாக உட்கார்ந்திருந்தார்கள். 1901 மார்ச்சில் கடைசி ஆளும் வெளியே வந்தார். அதற்குப் பிறகு 28 வருசம் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. நிறத்தைக் காரணம் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்ற அரசியல் சட்டத் திருத்தத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. சட்டம் அப்படியே இருந்தது, ஆட்கள் மட்டும் காணாமல் போனார்கள். அது எப்படி நடந்தது என்பதற்கு லாங்ஸ்டனின் தேர்தல் நல்ல பாடம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதே வருசம் 13வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14வது திருத்தம் குடியுரிமை தந்தது. 1870இல் 15வது திருத்தம் இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை இவற்றைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. பெண்களைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. 'காங்கிரஸ்' என்று இன்றைக்கு நான் சொன்னால் அது நம்ம ஊர் கட்சி இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம். அதில் பிரதிநிதிகள் சபை, செனட் என்று இரண்டு அவை. குடியரசுக் கட்சி அன்றைக்கு லிங்கனின் கட்சி. தெற்கில் ஜனநாயகக் கட்சி என்றால் பழைய பண்ணை முதலாளிகளின் கட்சி. இன்றைய நிலைமையை அதன் மேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

ஓட்டு வந்தவுடனே திருட்டும் வந்துவிட்டது. 1868இல் லூசியானாவில் ஜான் வில்லிஸ் மெனார்டு தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராளி வழக்குப் போட்டார். கடைசியில் சபை இரண்டு பேரையுமே உட்கார வைக்கவில்லை. 1869 பிப்ரவரி 27இல் தன் வழக்கைத் தானே வாதாடிய மெனார்டுதான் அந்தச் சபையில் பேசிய முதல் கறுப்பர். பேச விட்டார்கள், நாற்காலி கொடுக்கவில்லை. 1880இல் மிசிசிப்பியில் ஜான் ஆர். லிஞ்ச் நின்றார். அவருக்கு விழுந்த ஓட்டுச் சீட்டுகளில் அச்சுக் கோடு இருக்கிறது, அது அடையாளக் குறி என்று சொல்லி ஆயிரக்கணக்கில் செல்லாததாக்கினார்கள். 1882 ஏப்ரலில்தான் அவரால் சபைக்குள் போக முடிந்தது. தென் கரோலினாவில் 1882இல் இன்னொரு சட்டம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனிப் பெட்டி. சீட்டைத் தப்பான பெட்டியில் போட்டால் ஓட்டு போச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவர் யாரிடம் கேட்டுப் போடுவார்? ஒருவர் கேட்டுத் தெரிந்துகொண்டால் பெட்டிகளை இடம் மாற்றி வைத்துவிடுவார்கள்.

1877இல் தெற்கிலிருந்து மத்திய அரசு தன் படைப் பாதுகாப்பை விலக்கிக்கொண்ட பிறகு இதெல்லாம் வேகம் பிடித்தது. துப்பாக்கியும் தூக்குக் கயிறும் நிற்கவில்லை. ஆனால் அதைவிடச் சத்தமில்லாத வழிகளைப் பண்ணை முதலாளிகள் கற்றுக்கொண்டார்கள்.

சீட்டு யாருக்கு?

லாங்ஸ்டன் 1829இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா வெள்ளைப் பண்ணையார், அம்மா லூசி அவரால் விடுதலை செய்யப்பட்ட கறுப்பினப் பெண். ஓஹியோவில் ஓபர்லின் கல்லூரியில் படித்தார். 1854இல் வழக்கறிஞர் ஆனார். அடுத்த வருசமே ஒரு சிற்றூரின் எழுத்தராக மக்கள் ஓட்டில் ஜெயித்தார். அமெரிக்காவில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் கறுப்பர்களில் அவரும் ஒருவர். போரின்போது வடக்கின் படைக்குக் கறுப்பினச் சிப்பாய்களைத் திரட்டினார். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டத் துறையை உருவாக்கினார். ஹைத்தி நாட்டில் அமெரிக்காவின் தூதராக இருந்தார். 1885இல் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வந்து, கறுப்பின மாணவர்களுக்கான அரசுக் கல்லூரிக்குத் தலைவரானார். ஜனநாயகக் கட்சி மாநிலத்தைப் பிடித்த பிறகு, 1887இல் அந்தப் பதவியை விட்டு விலக வேண்டி வந்தது.

இப்படிப்பட்ட ஒருத்தர் 1888இல் காங்கிரசுக்கு நிற்கிறேன் என்கிறார். பீட்டர்ஸ்பர்க் நகரமும் சுற்றியுள்ள புகையிலைச் சீமையும் சேர்ந்ததுதான் நான்காவது தொகுதி. கறுப்பர்களே அங்கே பெரும்பான்மை. குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் அதுவரை வர்ஜீனியாவிலிருந்து ஒரு கறுப்பர்கூட காங்கிரசுக்குப் போனதில்லை.

அங்கே கட்சி என்றால் வில்லியம் மஹோன். தெற்குப் படையில் ஜெனரலாக இருந்தவர், ரயில்வே முதலாளி. மாநிலத்தின் கடனைக் குறைத்துக் கட்ட வேண்டும் என்று கிளம்பிய ஒரு கட்சியை நடத்தி, கறுப்பர்களின் ஓட்டையும் சேர்த்துக்கொண்டு 1879இல் மாநிலச் சட்டமன்றத்தைப் பிடித்தவர். அந்த ஆட்சி நல்லதும் செய்தது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும் என்ற விதியை எடுத்தது. பொது இடத்தில் கட்டி வைத்துச் சாட்டையால் அடிக்கும் தண்டனையை ஒழித்தது. நான் சொன்ன கல்லூரியைத் தொடங்கியதும் அந்த ஆட்சிதான். 1883இல் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் டான்வில் நகரில் கலவரம். கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். 'கறுப்பர் ஆட்சி வருது' என்று பயம் காட்டி ஜனநாயகக் கட்சி ஜெயித்தது. 1884இல் சட்டம் போட்டு, தேர்தல் நடத்தும் குழுக்களை நியமிக்கிற அதிகாரத்தைச் சட்டமன்றத்தின் கைக்குக் கொண்டு வந்தது. அதாவது தங்கள் கைக்கு.

மஹோன் பிறகு குடியரசுக் கட்சிக்குத் தலைவரானார். கறுப்பர்களின் ஓட்டு இல்லாமல் அவருக்கு அரசியலே இல்லை. ஆனால் கறுப்பர் ஒருவர் வேட்பாளராக வருவதை அவர் ஏற்கவில்லை. வெள்ளையரான நீதிபதி ஆர். டபிள்யூ. அர்னால்டை நிறுத்தினார். லாங்ஸ்டன் சுயேச்சைக் குடியரசுக் கட்சிக்காரராக நின்றார். ஜனநாயகக் கட்சிக்கு எட்வர்டு வெனபிள்.

உடனே என்ன குற்றச்சாட்டு வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டைப் பிரிக்கிறான், எதிரிக்குத் துணை போகிறான், பதவி ஆசை. அது அதிபர் தேர்தல் வருசம் வேறு. கறுப்பினத்தின் மாபெரும் தலைவர் ஃபிரெடரிக் டக்ளசே லாங்ஸ்டனை எதிர்த்துக் கடிதம் எழுதினார். இருவருக்கும் பழைய போட்டி உண்டு. அதை விட்டாலும், கட்சியை உடைக்கக் கூடாது என்ற கவலை டக்ளசுக்கு நிஜமாகவே இருந்தது. தெற்கில் கறுப்பர்களுக்கு வேறு போக்கிடமே கிடையாது என்று நினைத்தவர் அவர்.

இப்போது முடிவைப் பாருங்கள். வெனபிள் 13,298. லாங்ஸ்டன் 12,657. அர்னால்டு 3,207. யார் ஓட்டை யார் பிரித்தார்கள்? பன்னிரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியவர் மூவாயிரம் வாங்கியவரின் ஓட்டைப் பிரித்தாரா? கட்சியின் முத்திரை அர்னால்டிடம் இருந்தது. மக்கள் லாங்ஸ்டனிடம் இருந்தார்கள். கட்சி முத்திரையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு மக்கள் பக்கம் நிற்பவன் 'பிரிக்கிறவன்' ஆகிவிடுகிறான். ஓட்டு எங்களிடம் கேட்பீர்கள், சீட்டு எங்களுக்குத் தர மாட்டீர்கள் என்றால், அது கூட்டணி இல்லை, குத்தகை. லாங்ஸ்டன் அந்தக் குத்தகையை முறித்தார். அதற்காகவே அந்தத் தேர்தலை நினைத்துப் பார்க்கலாம்.

வரிசை

1888 நவம்பர் 6. ஓட்டுப் பதிவு. அன்றைக்கு அரசாங்கம் அச்சடித்த ஓட்டுச் சீட்டு அங்கே கிடையாது. அந்தந்தக் கட்சி தன் சீட்டைத் தானே அச்சடித்துக் கொடுக்கும். யார் எந்தச் சீட்டைக் கையில் வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பண்ணையாரும் புகையிலை ஆலை மேஸ்திரியும் வேடிக்கை பார்க்க, அந்தச் சீட்டோடு ஒருவன் நடந்து போக வேண்டும். குத்தகை நிலத்தில் உழுகிறவனுக்கு அது சின்ன விஷயமா?

கறுப்பர்களைத் தனி வரிசையில் நிறுத்தினார்கள். சிலர் மூன்று மணி நேரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்று சாட்சிகள் பிறகு சொன்னார்கள். வெள்ளையர் வரிசை நகரும். இந்த வரிசையில் ஒவ்வொருத்தரிடமும் கேள்வி. பேர் என்ன, எந்தத் தெரு, எவ்வளவு நாளா இருக்கே, பட்டியல்ல இருக்கிற ஆள் நீதானா? அடிக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். 'உனக்கு ஓட்டு இல்லை' என்று சொல்லவும் வேண்டாம். கொஞ்சம் நில்லு என்றார்கள், அவ்வளவுதான். பொழுது சாய்ந்தால் சாவடியை மூடிவிடுவார்கள். அப்போதும் வரிசையில் நிற்பவனுக்கு 15வது திருத்தம் என்ன செய்யும்?

தோழர்களே, இதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுப்பது என்றால் 'முடியாது' என்று சொல்வது மட்டும் இல்லை. காக்க வைப்பதும் மறுப்புத்தான். 'முடியாது' என்று சொன்னால் சட்டத்தை மீறியதாகும், வழக்குப் போடலாம். 'நில்லு' என்று சொன்னால் எந்தச் சட்டத்தை மீறினான் என்று காட்டுவீர்கள்? மூன்று மணி நேரம் நின்றவனுக்கு அன்றைய கூலி போனது. ஓட்டும் போனது. ஆனால் எந்தக் காகிதத்திலும் அவன் தடுக்கப்பட்டவனாகப் பதிவாக மாட்டான், வராதவனாகத்தான் பதிவாவான்.

எண்ணிக்கையிலும் முறைகேடு நடந்ததாக லாங்ஸ்டன் தரப்பு குற்றம் சாட்டியது. எண்ணியவர்கள் யாரென்றால், 1884 சட்டப்படி அமைந்த குழுக்களின் ஆட்கள். திருடன் கையில் சாவி.

சாட்சி

லாங்ஸ்டன் வழக்கறிஞர். இப்படி நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஓட்டுச் சாவடிகளைக் கவனிக்க முன்கூட்டியே ஆட்களை ஏற்பாடு செய்திருந்தார். நம்ம பூத் ஏஜெண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர்களுக்குச் சட்டப்படி உள்ளே உட்கார நாற்காலி எதுவும் கிடையாது. கட்சியும் பின்னால் இல்லை. போலீசும் பின்னால் இல்லை. கண்ணால் பார்த்ததைப் பிறகு சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சொன்ன மறுநாளும் அதே ஊரில், அதே பண்ணையில் பிழைக்க வேண்டும்.

காங்கிரஸ் தேர்தல் வழக்கை எந்தக் கோர்ட்டும் விசாரிக்காது. அமெரிக்க அரசியல் சட்டத்தின்படி அந்தந்த அவையே தன் உறுப்பினர்களின் தேர்தலுக்கு நீதிபதி. அன்றைய சட்டப்படி, தோற்றதாக அறிவிக்கப்பட்டவர் 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டியிருந்தது. எதிராளி பதில் கொடுக்க 30 நாள். பிறகு சாட்சியம் எடுக்க 90 நாள். அதில் முதல் 40 நாள் வழக்குப் போட்டவருக்கு, அடுத்த 40 நாள் எதிராளிக்கு, கடைசி 10 நாள் மறுபடி வழக்குப் போட்டவருக்கு. நாற்பது நாளுக்குள் ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டி வாக்குமூலம் வாங்க வேண்டும். இந்தச் சாட்சியம் இருந்ததால்தான் வழக்கு நின்றது. புகையிலைக் காட்டில் வேலை செய்தவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சொன்னது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆவணமாக இன்றைக்கும் இருக்கிறது. வராதவர்கள் என்று பதிவாகியிருக்க வேண்டியவர்கள், வந்தோம், நின்றோம், விடவில்லை என்று எழுத வைத்தார்கள்.

ஆனால் நாட்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். ஓட்டுப் போட்டது 1888 நவம்பர். புதிய சபை கூடியது 1889 டிசம்பர். விசாரணைக் குழு லாங்ஸ்டனுக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தது 1890 ஜூன். அது விவாதத்துக்கு வந்து முடிந்தது 1890 செப்டம்பர். இத்தனைக்கும் அந்தச் சபையில் குடியரசுக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை. ஆனால் மஹோனின் ஆட்கள் லாங்ஸ்டனுக்கு எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியோ கடைசி நிமிடம் வரை கோரம் இல்லாமல் ஆக்கப் பார்த்தது.

கோரம் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சபையில் உட்கார்ந்துகொண்டே, பேர் கூப்பிடும்போது வாயை மூடிக்கொள்வார்கள். பதில் சொல்லாதவன் வராதவன் என்று கணக்கு. கோரம் இல்லை, ஓட்டெடுப்பு செல்லாது. 1890 ஜனவரியில் மேற்கு வர்ஜீனியாவின் ஒரு தேர்தல் வழக்கில் இதே வேலையைச் செய்தார்கள். சபாநாயகர் தாமஸ் ரீடு, கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவர்களை வந்தவர்கள் என்றே எழுதச் சொன்னார். பெரிய கூச்சல். அதற்குப் பிறகு உட்கார்ந்து ஏமாற்ற முடியாது, எழுந்துதான் போக வேண்டும். லாங்ஸ்டன் வழக்கில் அதைத்தான் செய்தார்கள். சபையை விட்டு வெளியே போனார்கள். வந்து நின்றவனை வராதவன் என்று எழுதியது சாவடி. வந்தும் வராதவனாக நடித்தது சபை. இரண்டும் ஒரே கட்சியின் வேலை.

1890 செப்டம்பர் 23. ஆதரவு 151, எதிர்ப்பு 1. ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வர்ஜீனியாவின் முதல் கறுப்பின உறுப்பினராகப் பதவி ஏற்றார். மறுநாள் தென் கரோலினாவின் தாமஸ் மில்லரும் இதே போன்ற வழக்கில் ஜெயித்து உள்ளே வந்தார்.

ஜெயித்தது எவ்வளவு?

ஜெயித்தாச்சே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். அந்தக் கூட்டத்தொடர் அக்டோபர் 1இல் முடிந்தது. பதவி ஏற்று ஒரு வாரம். அடுத்த தேர்தல் நவம்பர் 4. பிரச்சாரத்துக்கு ஒரு மாதம். அதே தேர்தல் குழுக்கள், அதே மாநில ஆட்சி. லாங்ஸ்டன் தோற்றதாக அறிவித்தார்கள். மறுபடி வழக்குப் போடலாமா? அடுத்த சபையில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும் பெரும்பான்மை. நீதிபதியே அவர்கள். 1891 மார்ச் 3இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. இரண்டு வருசப் பதவியில் அவர் கைக்கு வந்தது ஐந்து மாதத்துக்குச் சற்று மேல்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1890 ஜூலை 2இல் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதா ஓட்டுக்கு வந்தது. ஹென்றி கேபட் லாட்ஜ் கொண்டு வந்தது. ஒரு தொகுதியில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மக்கள் கேட்டால், காங்கிரஸ் தேர்தலை மத்திய அரசின் மேற்பார்வையாளர்கள் கண்காணிக்க வேண்டும் என்ற மசோதா. நான்காவது தொகுதியில் வரிசையில் நின்றவர்களுக்காகவே எழுதியது போல இருந்தது. 155க்கு 149. ஆறே ஓட்டில் நிறைவேறியது. அந்த நாளில் நான்காவது தொகுதியின் நாற்காலியில் யார் இருந்தார்? வெனபிள். திருட்டைத் தடுக்கும் சட்டம் ஓட்டுக்கு வரும்போது, திருடப்பட்ட நாற்காலியில் அதனால் பலனடைந்தவர் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நிற்கிறார் லாங்ஸ்டன். தாமதம் என்றால் வெறும் நாள் கணக்கு இல்லை. அந்த நாட்களில் சட்டங்கள் போடப்படுகின்றன.

அந்த மசோதா செனட்டுக்குப் போனது. அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பேசிப் பேசியே இழுத்தார்கள். வெள்ளி நாணயத்தில் அக்கறை கொண்ட மேற்கு மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர்கள் சிலர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். 1891 ஜனவரியில் மசோதாவை ஒதுக்கி வைத்தார்கள். தோற்கடிக்கவில்லை, பாருங்க. ஒதுக்கி வைத்தார்கள். அதுவும் ஒரு வரிசைதான். 1965இல் வாக்குரிமைச் சட்டம் வரும் வரை அப்படி ஒரு வலுவான பாதுகாப்பு வரவில்லை. எழுபத்து நாலு வருசம் நில்லு என்று சொன்னார்கள்.

லாங்ஸ்டன் பற்றி ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். அந்தச் சில மாதங்களில் அவர் கறுப்பர்களுக்கு ஒரு தேசியத் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மசோதா கொண்டு வந்தார். கறுப்பர்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பலாம் என்ற பேச்சை எதிர்த்தார். கூடவே அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றையும் முன்வைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே ஓட்டு, அதனால் எத்தனை பேருக்கு ஓட்டுக் குறைகிறதோ அதற்கேற்ப அந்த மாநிலத்துக்குச் சபையில் இடமும் குறைய வேண்டும். அவர் கணக்கு என்னவென்று புரிகிறது. கறுப்பர்களை ஓட்டுப் போட விடாமல், அவர்கள் தலையையும் சேர்த்து எண்ணி இடங்களை வாங்கிக்கொள்ளும் வெள்ளையருக்கு அது தண்டனை. ஆனால் மூன்று மணி நேரம் நின்று அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் எத்தனை பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்? அடிமைமுறையில் படிப்பதையே தடுத்து வைத்திருந்த தலைமுறை அது. படித்து மேலே வந்த தலைவர், தன்னை மேலே தூக்கிவிட்ட கைகளைப் பார்க்கத் தவறிய இடம் என்று நான் இதைச் சொல்வேன். திருத்தம் நிறைவேறவில்லை. ஆனால் எழுத்தறிவுச் சோதனை என்ற ஆயுதத்தை எதிரி எடுத்துக்கொண்டான். இடம் குறையும் என்ற தண்டனையை மட்டும் விட்டுவிட்டான்.

1894இல் வர்ஜீனியாவில் புதிய ஓட்டுச் சீட்டுச் சட்டம். இப்போது அரசாங்கமே அச்சடித்த ரகசியச் சீட்டு. கேட்க முற்போக்காகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் கட்சிப் பெயரோ சின்னமோ கிடையாது. வேண்டாத பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து அடிக்க வேண்டும். அதற்குக் கொடுத்த நேரம் இரண்டரை நிமிடம். வெளியே வரிசையில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தவர்கள், உள்ளே போனதும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்கிறார்கள்! நேரம் அவர்கள் கையில் இருந்தது. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார்கள், சுருக்க வேண்டிய இடத்தில் சுருக்கினார்கள். அதே 1894இல் மத்திய அரசின் பழைய தேர்தல் பாதுகாப்புச் சட்டங்களையும் காங்கிரஸ் ரத்து செய்தது. 1902இல் வர்ஜீனியாவுக்குப் புதிய மாநில அரசியல் சட்டம் வந்தது. வருசத்துக்கு ஒன்றரை டாலர் தலைவரி, மூன்று வருச வரியையும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அதை எழுதிய மாநாட்டில் கார்ட்டர் கிளாஸ், பாகுபாடு காட்டத்தான் இதைச் செய்கிறோம் என்று வெளிப்படையாகவே பேசினார். மக்கள் ஓட்டுக்கு விடாமல், அறிவித்தே நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள்.

லாங்ஸ்டனுக்குப் பிறகு வர்ஜீனியாவிலிருந்து அடுத்த கறுப்பர் காங்கிரசுக்குப் போனது 1993இல், பாபி ஸ்காட். இடையில் 102 வருசம். பீட்டர்ஸ்பர்க்கை உள்ளடக்கிய இன்றைய நான்காவது தொகுதியில் 2023இல் ஜெனிஃபர் மெக்கிளெல்லன் ஜெயித்தார். அந்த மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவர். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்துவிட வேண்டாம். 1965 சட்டத்தின்படி பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன்பே மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. எந்தெந்த மாநிலங்கள் என்று தீர்மானிக்கும் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அதன் பொருள், விதி மாறிய பிறகு பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு வர வேண்டும். மறுபடி வழக்கு, மறுபடி நாள் எண்ணுவது.

நாம் எடுத்துக்கொள்வது

நிறைய பேர் இந்தத் தேர்தலைப் படித்துவிட்டு, கடைசியில் உண்மை ஜெயித்தது என்று எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உண்மை நிரூபிக்கப்பட்டது. ஜெயிப்பது வேறு. 641 ஓட்டு வித்தியாசம் பொய் என்று சபையே ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த இரண்டு வருசத்தைத் திருப்பித் தர எந்தச் சபையாலும் முடியவில்லை. திருடியவர்களுக்குத் தண்டனை கிடையாது. திருட்டு லாபம்தான்.

அப்படியென்றால் லாங்ஸ்டன் நின்றது வீணா? கிடையாது. அவர் நிற்காமல் இருந்திருந்தால், அந்தத் தொகுதியில் கறுப்பர் ஜெயிக்கவே முடியாது என்று மஹோன் சொன்னதே வரலாறாக இருந்திருக்கும். பன்னிரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பத்தேழு பேர் கட்சித் தலைமையையும், பண்ணையாரையும், தங்கள் மாபெரும் தலைவரின் கடிதத்தையும் மீறி ஓட்டுப் போட்டார்கள். அது கணக்கில் ஏறியது. கணக்கில் ஏறாதவர்கள் சாட்சி சொல்லி ஏறினார்கள்.

தேர்தல் வேலைக்குப் போகும் தோழர்களுக்கும், இதை ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை ஓட்டு விழுந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்கு உள்ளே விட்டார்கள், எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எழுதுங்கள். வழக்கு என்ன ஆனது என்று கேட்கும்போது, எந்தத் தேதியில் போட்டது, எந்தத் தேதியில் முடிந்தது, அதற்குள் பதவிக்காலத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். ஓட்டைப் பறிக்கிற இடம் அங்கேதான் இருக்கிறது.

உரிமை கொடுத்தாச்சு, சட்டம் இருக்கு, நியாயம் கிடைக்கும் என்று நம்மிடம் யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. 'எந்தத் தேதிக்குள்ள?' என்று கேட்க வேண்டும். பதில் வரும் வரை எழுந்திருக்கக் கூடாது.